குழாய் இடிக்கும் ஜன்னல்

உள்ளூர்க் கடையில் விலை கேட்டபோது
டெர்வலாவுக்குச் சிரிப்புதான் வந்தது.
பதினொரு ஜன்னல், இரண்டு கதவு,
இருபத்து மூவாயிரம் யூரோ.
கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தாயிற்று,
அதற்கே இவ்வளவு ஆகவில்லை.
முடித்துக்கொள்ளத்தான் ஆனது.

அயர்லாந்தின் லீட்ரிம் பக்கம் மழை
வந்து போவதில்லை, குடியிருக்கிறது.
அதன் மடியில் ஒரு கேரவனில்
அவளும் மகன் கோனலும்
காயாத துண்டுகளும்.
இரண்டாவது குளிர்காலம்.

ஸ்லைகோ ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
மூன்று மணிக்கு வார்டு அடங்கியதும்
லித்துவேனியாவில் ஒரு தொழிற்சாலையின்
விலைப்பட்டியலைத் திறப்பாள்.
மூன்றடுக்குக் கண்ணாடி, சாம்பல்நிறச் சட்டம்,
கப்பல் கூலி, லாரி கூலி, வரி எல்லாம் சேர்த்து
ஒன்பதாயிரத்து நானூறு.
மறுபடி கூட்டினாள். அதேதான்.
நம்பாமல் கோனலைக் கூட்டச் சொன்னாள்.
அவனுக்கும் அதே வந்தது,
ஒரு பூஜ்யம் குறைவாக.

அளவெடுக்க ஒரு ஞாயிறு போயிற்று.
சுவரின் ஒவ்வொரு வாயையும்
இடம், நடு, வலம் என மும்முறை அளந்து
குறைந்ததை எழுது என்றாள்.
பத்து மில்லிமீட்டர் கழி என்றாள்.
பணம் அனுப்பிய இரவு
மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே
தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தாள்.

பதினான்கு வாரம்.
ஜன்னல் இல்லாத ஜன்னல்களில்
நீலத் தார்ப்பாய் இரவெல்லாம் கைதட்டியது,
யாரைப் பாராட்டியோ.

நவம்பரில், ஒரு வியாழன் இருட்டும் வேளை
லாரி வந்தது.
ஓட்டுநர் ரிம்விதாஸ் சந்தைப் பார்த்தார்,
லாரியைப் பார்த்தார்,
இறங்கி ஒரு சிகரெட் பற்றவைத்தார்.
பக்கத்து மேட்டில் மாடு வைத்திருப்பவர்
டிராக்டரோடு வந்து சேர்ந்தார்.
அவர் பெயர் பாக்கி.
இதுவரை யாருக்கும் எதுவும் வைத்ததில்லை.
ஒன்பது நடை.
வைக்கோல் கட்டு ஏறும் இரும்புக் கொம்புகளில்
கண்ணாடி ஏறி வந்தது, ஒரு கீறல் இல்லாமல்.
பிறகு தேநீர். மூவருக்கும் பொதுவாக
பதினைந்து சொல் இருந்திருக்கும்,
அதில் நான்கு கெட்ட வார்த்தை.

முதல் பெட்டியைப் பிரித்தால்
அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு கையுறை. இடது கை.
சுண்டுவிரலில் கறுப்பு நூல் தையல்.
அன்றைக்கு அங்கே யாரோ
ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டபடி
பனியில் வீடு போயிருப்பார்.
கோனல் மாட்டிப் பார்த்தான். பெரிது.

பத்து ஜன்னல்கள் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தன.
சமையலறையில்தான்...
அந்த ஊர் ஜன்னல் உள்ளே திறக்கிறது.
இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வெளியே.
யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.
வரைபடத்தில் ஒரு முக்கோணம் சொல்லித்தான் இருந்தது;
விடிகாலை மூன்று மணிக் கண்ணுக்கு
அது வெறும் கோடு.
சட்டம் ஒரு சாண் வருகிறது,
தொட்டிக் குழாயில் ணங்கென்று முட்டி நிற்கிறது.

பாக்கி வந்து பார்த்தார்.
குழாயை மாற்று என்றார்.
தொட்டியை நகர்த்து என்றார்.
கையிருப்பு அறுபத்திரண்டு யூரோ என்றாள்.
சரி, இந்த மழைக்கு
எதற்குத் திறக்கணும் என்றார்.

மறுநாள் அவள் பணி முடிந்து வரும்போது
குழாயின் தலையில் அந்தக் கையுறை.
ஐந்து விரலும் விறைத்து நிற்க
யாரையோ நில் என்பதுபோல்.
கோனல் பள்ளிக்குப் போயிருந்தான்.
திறந்தாள். முட்டியது.
சத்தமே இல்லை.

ஒரு சாண். கெட்டில் ஆவி வெளியேற அது போதும்.
வெளிக்கண்ணாடியைத் துடைக்கத்தான் ஏணி வேண்டும்.
ஏணி பாக்கியுடையது.
துடைப்பது இன்னும் பாக்கி.